குழந்தை அழுத பிறகு

சினிமாவிலும் சீரியலிலும் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டால், முதலில் யாராவது ஒரு கிழவி "சுடுதண்ணி போடுங்கடி" என்று கத்தியாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் அரசு ஆஸ்பத்திரிகளில் பிள்ளைப்பேறு பார்த்தே என் உத்தியோகக் காலம் முழுவதும் போயிற்று. லேபர் வார்டு வாசலில் பிளாஸ்க்கும் கையுமாக நின்று, "சுடுதண்ணி வேணுமா டாக்டரம்மா?" என்று கேட்ட மாமியார்களுக்குக் கணக்கே இல்லை. வேண்டாம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். வாங்கி வைத்துக்கொள்வேன். பெற்றவளுக்குப் பால் கலக்க உதவும்.

அந்தச் சுடுதண்ணிக்கு ஒரு பழங்கதை உண்டு. வீட்டில் பிள்ளை பெற்ற காலத்தில் அது தாயைக் குளிப்பாட்டவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் பயன்பட்டது. வீட்டு ஆண்களுக்கு விறகு உடைக்கிற வேலையைக் கொடுத்து, வாசலோடு நிறுத்திவைக்கவும் பயன்பட்டது. தொப்புள்கொடி அறுக்கிற கதிரருவாளையும் கட்டுகிற நூலையும் அதே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கும். அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அறுத்த இடத்தில் சாம்பலையோ சாணியையோ வைத்தார்கள். ஒரு வாரத்தில் பிள்ளை வாய் திறந்து பால் குடிக்க முடியாமல் விறைத்துப்போகும். ரணஜன்னி. கருவுற்ற பெண்ணுக்கே தடுப்பூசி போடும் ஏற்பாடு பரவலான பிறகுதான் அது குறையத் தொடங்கியது. பச்சிளம் பிள்ளைகளின் ரணஜன்னி ஒழிந்துவிட்டது என்று இந்தியா அறிவிக்க 2015 ஆயிற்று.

என் அம்மாச்சி உத்தமபாளையம் பக்கத்துக் கிராமத்துக்காரி. பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. அவளுக்குப் பார்த்த மருத்துவச்சிதான் என் அம்மாவுக்கும் பார்த்தாள். கூலி என்று காசு கிடையாது. படி நெல், வெற்றிலை பாக்கு, ஆண்பிள்ளையானால் ஒரு சேலை. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்துத்தான் பெற்றதாக அம்மாச்சி சொல்வாள். நாங்கள் ஐந்தாறு வருடம் படித்துவிட்டு வந்து, பெண்களை இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கப்போட்டோம். குத்தவைத்த நிலையில் இடுப்பெலும்பின் வாய் இன்னும் கொஞ்சம் விரிகிறது என்று இப்போது எங்கள் பாடநூல்களே எழுதுகின்றன.

அந்த மருத்துவச்சியைச் சாமியாக்கவும் எனக்கு மனமில்லை, சூனியக்காரியாக்கவும் மனமில்லை. வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, குறுக்கே கிடக்கும் பிள்ளையை வெளியிலிருந்தே திருப்பத் தெரிந்தவள். அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவள். சுத்தமான கையும், கொடுக்க ரத்தமும், கொண்டுபோக வண்டியும் அவளிடம் இல்லை. 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பெண்கள் பிள்ளைப்பேற்றில் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது. எங்கள் ஊர்ப் பெண்களும் அதில் இருந்திருப்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவளைத் திரும்பிவருவாளோ மாட்டாளோ என்று கட்டிப்பிடித்து அழுதுதான் அனுப்பினார்களாம்.

1895-ல் பெரியாறு அணை கட்டி முடித்ததும் பள்ளத்தாக்கு இருபோகம் விளைந்தது. நெல்லோடு கொசுவும் விளைந்தது. மலேரியா, வெறுங்காலோடு சகதியில் நின்றதால் வந்த கொக்கிப்புழு, வருடாவருடம் ஒரு பிள்ளை. இந்த மூன்றும் சேர்ந்து பெண்களின் உடம்பில் இருந்த ரத்தத்தைப் பாதியாக்கின. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஓ.பி.க்கு வரும் கர்ப்பிணிகளின் நாக்கு வெள்ளைக் காகிதமாகத்தான் இருக்கும். சத்து மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய் முல்லையாற்றில் போட்டுவிடுவார்கள். மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்பது ஒரு கட்சி. பிள்ளை பெருத்துப்போய் ஆப்பரேசனில் கொண்டுவிடும் என்பது இன்னொரு கட்சி.

பெரிய வைத்தியம் என்றால் மதுரைதான். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள், பிறகு ராஜாஜி ஆஸ்பத்திரி என்றார்கள். ஜனங்களுக்கு எப்போதும் அது பெரியாஸ்பத்திரி. 1954-ல் அதோடு மருத்துவக் கல்லூரி சேர்ந்தது. நான் படித்ததும் அங்கேதான். கம்பத்திலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். தேனி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, உசிலம்பட்டி, செக்கானூரணி என்று போக வேண்டும். மலைக்காரர்களின் கணக்கே வேறு. அகமலையிலிருந்தோ குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியிலிருந்தோ ஒருத்திக்கு வலி கண்டால் டோலி கட்டி அடிவாரம் வருவதற்கே பகல் பொழுது ஓடிவிடும்.

எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்கு வேதம் மாதிரி ஒரு நூல் இருந்தது. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1938-ல் வெளியிட்ட 'கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ்'. பின்னாளில் எம்.கே. கிருஷ்ண மேனன் பெயரும் சேர்ந்து 'முதலியார் மேனன்' ஆயிற்று. 1844-ல் தொடங்கிய எழும்பூர் பிள்ளைப்பேறு மருத்துவமனைக்கு முதல் இந்தியக் கண்காணிப்பாளர் முதலியார்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராகவும் இருந்தார். ஆனால் கிராமத்தில் வேலை பார்த்த எனக்கு அவர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். 1960-களின் தொடக்கத்தில் நாட்டின் சுகாதார ஏற்பாடுகளை ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். கண்ட இடத்தில் எல்லாம் புது ஆரம்ப சுகாதார நிலையம் திறப்பதை விட்டு, இருப்பவற்றுக்கு முதலில் ஆளும் கருவியும் கொடுங்கள் என்றது அந்தக் குழு. அதன் அருமை, டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் வராந்தாவில் ஆடு படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது டிவிக்கு வருகிறேன். சீரியல் பிரசவம் இரண்டு விளம்பர இடைவேளைக்கு நடுவில் முடிந்துவிடுகிறது. கதாநாயகி வீறிடுகிறாள், டாக்டர் "புஷ், புஷ்" என்கிறார், வெளியே கணவன் நடக்கிறான், குழந்தை அழுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறந்த பிள்ளைக்கு எப்படியும் இரண்டு மாத வயதிருக்கும். மேலே மாவு பூசினாற்போன்ற வெண்படலம் இருக்காது, தலை நசுங்கி நீண்டிருக்காது. போகட்டும், படப்பிடிப்புக்கு நிஜமான பச்சைப்பிள்ளையைத் தர எந்தத் தாய் சம்மதிப்பாள்? என் மனத்தாங்கல் வேறு. அவர்கள் வெட்டி எறிகிற இரண்டு துண்டில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது. பிள்ளை அழுவதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு துண்டு. அழுத பிறகான இரண்டு மணி நேரம் இன்னொரு துண்டு.

முதல் துண்டில் காத்திருப்பதைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காது. அரை மணிக்கொரு தரம் வயிற்றில் பினார்ட் குழலை வைத்துக் காதைக் கொடுத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை. பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது என்று வயிற்றில் கை வைத்தபடி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நாலு மணிக்கொரு தரம் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து, பார்ட்டோகிராம் தாளில் புள்ளி வைக்க வேண்டும். இந்தத் தாளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1972-ல் ரொடீசியாவில் பில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் அதில் இரண்டு சாய்கோடுகளைப் போட்டார்கள். புள்ளிகள் முதல் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை. நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் இரண்டாவது கோட்டைத் தாண்டினால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. அந்த நான்கு மணி நேரம், தூரத்துக் கிராமத்தில் இருக்கும் தாதி ஒரு பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க விட்டுவைத்த அவகாசம். ஆப்பிரிக்கக் காட்டுப் பாதைக்குப் போட்ட கணக்கு கம்பம்–மதுரை ரோட்டுக்கும் அப்படியே பொருந்தியது. முதல் கோட்டிலேயே கார் பிடித்துவிட வேண்டும். அதை அந்தத் தாளைவிட எனக்குப் பழைய ஸ்டாஃப் நர்ஸ்கள்தான் நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்தக் காத்திருப்பு வெளியே நிற்பவர்களுக்குப் பிடிக்காது. "ஒரு வலி ஊசி போட்டு வெரசா முடிச்சுவிடுங்கத்தா, மக துடிக்கிறா" என்பார்கள். ஊரில் பெட்டிக்கடை போட்ட மாதிரி வைத்தியம் பார்த்தவர்கள் சிலர் வீட்டுக்கே போய் அந்த ஊசியைப் போட்டும் விடுவார்கள். ஆக்சிடோசின் நல்ல மருந்துதான். ஆனால் வழி அடைபட்டிருக்கையில் போட்டால் கர்ப்பப்பை வெடித்துவிடும். வெடித்த வயிற்றோடு வந்தவளுக்கு வலி நின்றுபோயிருக்கும். வலி நின்றதே என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். எனக்கு அந்த நிம்மதியைப் பார்த்தால் கை நடுங்கும்.

"தாயா, பிள்ளையா? யாராவது ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்" என்று கண்ணாடியைக் கழற்றியபடி வெளியே வருகிற சினிமா டாக்டரும் வானத்திலிருந்து குதித்தவரில்லை. பிள்ளை இடுப்பெலும்பில் சிக்கி, இரண்டு மூன்று நாள் வலியெடுத்து, வண்டி கட்டி வந்து சேர்ந்தவர்களின் காலம் ஒன்று இருந்தது. அநேகமாகப் பிள்ளை உள்ளேயே இறந்திருக்கும். சீழ்பிடித்த வயிற்றைக் கிழித்தால் தாயும் போய்விடுவாள் என்பதால், இறந்த பிள்ளையின் தலையைச் சிறிதாக்கி எடுக்கும் முறைகள் எங்கள் பாடத்தில் இருந்தன. அதைச் செய்துவிட்டு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியாது. பிழைத்த பெண்களில் சிலருக்கு மூத்திரப்பை ஓட்டையாகி, ஓயாமல் ஒழுகும். புருஷன் வேறு கல்யாணம் செய்துகொள்வான். ஆனால் வெளியே வந்து யாரிடமும் நாங்கள் தேர்வு கேட்டதில்லை. தாய்தான் முதலில். எங்களுக்கு வேண்டியது கையெழுத்து. அதைப் போட வேண்டிய புருஷன் பெரும்பாலும் கேரளத்து ஏலத்தோட்டத்தில் இருப்பான்.

ஜன்னி, வலிப்பு என்று வருகிறவர்களைப் பற்றி டிவி பேசுவதே அபூர்வம். அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய 'ஈ.ஆர்.' தொடரில் ஒரு பகுதியை என் மகள் கணினியில் போட்டுக் காட்டினாள். 1995-ல் ஒளிபரப்பானது. நிறைமாதக்காரி ஒருத்தியை மூத்திரப்பைக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்புகிறார் டாக்டர். அவள் வலிப்போடு திரும்புகிறாள். பிள்ளை பிழைக்கிறது, அவள் இறந்துபோகிறாள். மருத்துவத் தொடர்களில் நான் தலையாட்டிப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம். "மாசமா இருந்தா கால் வீங்கத்தானே செய்யும்" என்று எங்கள் ஊரிலும் வருவார்கள். ரத்தக்கொதிப்பு 160-க்கு மேல் இருக்கும், மூத்திரத்தைச் சோதனைக் குழாயில் காய்ச்சினால் தயிராகத் திரியும்.

இதற்கு வைத்தியம் சொன்னதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. மேலே சொன்ன கிருஷ்ண மேனன் எழும்பூரில் மூன்று மருந்துகளைக் கலந்து கொடுத்து, வலிப்பு வந்தவளை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கும் முறையை நிலைநாட்டினார். 1960-களில் உலகமே அதை 'மேனன் முறை' என்றது. நான் கற்றதும் அதுதான். இருட்டறை, பக்கத்திலேயே ஒரு நர்ஸ், சத்தம் கூடாது. 1995-ல் லான்செட் இதழில், பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. மக்னீசியம் சல்பேட் கொடுத்தவர்களுக்கு வலிப்பு திரும்ப வருவது, டயசிபாம் கொடுத்தவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. விலை மலிவான உப்பு. இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம், நரம்பில் நாலு கிராம். அதன் பிறகு முழங்காலைத் தட்டித் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு நின்றால் மருந்து அதிகமாகிவிட்டது என்று பொருள். ராத்திரி முழுவதும் ஒருத்தியின் முழங்காலைத் தட்டிக்கொண்டிருக்கும் டாக்டரை எந்தக் கேமராவும் படம் பிடிக்காது. சலித்துப்போகும்.

இனி இரண்டாவது துண்டு. குழந்தை அழுதது. சீரியலில் பாட்டு. எங்களுக்கு அந்த நிமிடத்தில்தான் வயிற்றைக் கலக்கும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை கல்லாகச் சுருங்கினால் குழாய்கள் தாமாக மூடிக்கொள்ளும். தொளதொளவென்று கிடந்தால், ஐந்து லிட்டர் ரத்தமும் கட்டிலுக்கடியில் போக ரொம்ப நேரம் ஆகாது. தமிழ்நாட்டுத் தாய்மார்களைக் காலங்காலமாக அதிகம் கொன்றது இதுதான். எங்கள் வேலையில் வீரம் என்று ஒன்று இருந்தால் அது ஒருத்தி அடிவயிற்றைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருப்பது. பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் பத்து யூனிட் ஆக்சிடோசின். வழியடைத்தவளைக் கொல்லும் அதே ஊசி இங்கே உயிர் காக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் கையை முஷ்டியாக்கி உள்ளேயும் வெளியேயும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை மரத்துப்போகும். நர்ஸ் மாற்றுவாள், ஆயா மாற்றுவாள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பங்களாதேஷில் சயீபா அக்தர் என்ற மருத்துவர், ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டி, உள்ளே வைத்து, உப்புநீரால் ஊதி ரத்தத்தை அடைக்கும் வழியைச் செய்துகாட்டினார். சில ரூபாய்ச் செலவு. குடும்பநல விழாவில் பஞ்சாயத்துத் தலைவர் நெளிந்துகொண்டே விநியோகித்த பொருள், லேபர் வார்டில் உயிர் காத்தது.

ரத்தம் கேட்டால் அடுத்த நாடகம். புருஷனைக் கூப்பிட்டால் அவன் அம்மா குறுக்கே விழுவாள்: "அவன் வேலைக்குப் போற பய தாயி, அவன்ட்ட எடுக்காதீக." அண்ணன் தம்பிகள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பெற்ற தாய் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள், அவளுக்கே ரத்தம் இருக்காது. பெரிய ஊர்களில் ஆஸ்பத்திரி வாசலிலேயே ரத்தம் விற்கிறவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் 1998-லிருந்து அது தடையானது. பிறகு கல்லூரிப் பிள்ளைகளும் ரசிகர் மன்றப் பையன்களும் வந்தார்கள். நடிகர்களின் பிறந்தநாளுக்கு நான் மனசார நன்றி சொன்னது அதற்காகத்தான்.

2012-ல் 'நண்பன்' வந்தபோது என்னிடம் ட்ரெய்னிங் வந்த பிள்ளைகள்கூட அந்தப் பிரசவக் காட்சியைப் பற்றியே பேசினார்கள். மழை, கரண்ட் இல்லை, வீடு கூட்டும் வேக்குவம் கிளீனரை வைத்துப் பிள்ளையை இழுக்கிறார் விஜய். வேக்குவம் கருவி உண்மையானதுதான். 1950-களில் சுவீடன்காரர் மால்ம்ஸ்ட்ரோம் உருவாக்கியது. ஆனால் கிண்ணத்தைப் பிள்ளையின் பின்னுச்சிக்குச் சரியாக மூன்று சென்டிமீட்டர் முன்னால் வைக்க வேண்டும். உறிஞ்சும் விசையை அளந்து ஏற்ற வேண்டும். வலி வரும்போது மட்டும் இழுக்க வேண்டும். மூன்று இழுப்பில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். விடுவதுதான் அதில் கஷ்டமான பகுதி. படத்தில் யாரும் விடுவதில்லை. அதன் பிறகு நஞ்சு விழுந்ததா, ரத்தம் நின்றதா என்று தியேட்டரில் கவலைப்பட்டது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

சினிமாவில் எங்கள் மண்ணைச் சரியாகப் பார்த்த ஒரு படம் உண்டு. அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1994-ல் எடுத்த 'கருத்தம்மா'. உசிலம்பட்டியில் பெண்சிசுக்களைக் கொல்கிறார்கள் என்று 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை எழுதியதும் வெளியுலகம் திகைத்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி, இந்தப் பக்கம் ஆண்டிபட்டி. லேபர் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது செய்தி இல்லை. பிள்ளை அழுததும் வெளியே போய்ச் சொல்வது நர்ஸின் வேலை. பையன் என்றால் கையில் பத்து ரூபாய் விழும். பெண் என்றால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பது ஒரே கேள்வி: "எப்ப வீட்டுக்கு விடுவீக?" மூன்றாவது பெண்ணாக இருந்தால் அந்தக் கேள்வியில் எங்களுக்குக் குளிர் எடுக்கும். ஏதாவது காரணம் சொல்லிப் பத்து நாள் வார்டிலேயே வைத்துக்கொள்வோம். பால் குடித்துப் பழகிய பிள்ளையைக் கொல்லக் கை வராது என்பது பழைய நர்ஸ்களின் கணக்கு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கி, 2001-ல் தேனிக்கும் வந்தது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1994-ல் வந்தது. கள்ளிப்பாலில் இருந்து ஸ்கேனுக்கு அந்தக் கொலை இடம் மாறியபோது எங்கள் தொழில்காரர்களிலும் சிலர் அதில் காசு பார்த்தார்கள். அவர்களை ஒரு சீரியலிலும் வில்லனாக்கவில்லை, ஏனோ.

1996-ல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டம் ஆனது. பிறகு மாற்றங்கள் மளமளவென்று வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் தாய் சாவைக் குறைத்ததில் பாதிப் பங்கு அந்த மூன்று பேருக்கு. கானாவிலக்கில் மருத்துவக் கல்லூரி வந்தது, மதுரை ரோட்டின் நீளம் எங்களுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. பெரியகுளத்திலும் கம்பத்திலும் அவசரப் பிரசவச் சிகிச்சைக்கான சீமாங் மையங்கள் வந்தன. நடுராத்திரியிலும் மயக்க மருந்து கொடுக்க ஆள் கிடைத்தார். 2008 செப்டம்பரில் 108 ஓடத் தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று ஏறியது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தார்கள். முதலில் நாங்கள் முணுமுணுத்தோம். அம்மாவோ மதினியோ கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் வலிக்காரி கத்துவது பாதியாகிறது என்று பிறகு கண்டோம். 2001–03-ல் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் என்றிருந்த தமிழ்நாட்டுக் கணக்கு 2018–20-ல் 54 ஆனது.

இதில் ஜனங்களுக்குத் தெரியாத ஒரு காரியம் தாய் மரணத் தணிக்கை. ஒரு தாய் இறந்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். கிராம நர்ஸில் தொடங்கி எல்லோரும் உட்கார்ந்து, வலி எப்போது கண்டது, யாரிடம் முதலில் போனார்கள், வண்டிக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்கள், ரத்தம் எப்போது ஏறியது என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். கலெக்டர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். அந்த வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இறந்தவளின் தகப்பன் உட்கார்ந்திருக்க, நாம் நேரக்கணக்கை வாசிக்க வேண்டும். நான் பார்த்த எந்த நாடகத்திலும் அப்படி ஒரு காட்சி இல்லை.

சிசேரியனைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். 2017-ல் 'மெர்சல்' வந்ததிலிருந்து கத்தியை எடுக்கிற டாக்டர் எல்லோரும் காசுக்கு எடுக்கிறார் என்று ஆகிவிட்டது. முழுப் பொய் என்று சொல்ல என் நாக்குக் கூசுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 63.8. இத்தனை பேருக்கு இடுப்பெலும்பு குறுகிவிடவில்லை. ஆனால் நல்ல நேரம் குறித்து ஜோசியர் எழுதிய சீட்டோடு வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கும் பொறுமை மருத்துவருக்கும் இல்லை, வாசலில் நிற்பவருக்கும் இல்லை. காத்திருந்து ஒன்று தப்பாகப்போனால் ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடைகிறது. அறுத்துத் தப்பாகப்போனால் விதி என்று போய்விடுகிறார்கள்.

இவ்வளவும் பிரசவம். எங்கள் பட்டத்தில் மறுபாதி ஒன்று இருக்கிறது. டிவிக்கு அது இருப்பதே தெரியாது. அடி இறங்கிப்போய், தலைச்சுமை தூக்க முடியாமல், இருபது வருடமாக யாரிடமும் சொல்லாமல் துணியால் கட்டிக்கொண்டு நாற்று நட்ட கிழவிகள். வெள்ளைப்படுதல். நிற்காத தீட்டு. பிள்ளையில்லை என்று நாலு கோயிலும் சுற்றிவிட்டு வருகிற சின்னப் பெண்கள். அவர்களோடு வரவே மாட்டேன் என்கிற கணவன்மார்கள். ஓ.பி. வரிசையில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அந்த வரிசையில் கடைசியாக, எப்போதும் தாமதமாக வந்து நிற்கும். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவமனையோடு சேர்ந்து 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கர்ப்பப்பை வாயில் காடித்தண்ணீரைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கிற சோதனை. பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். ஊறுகாயில் ஊற்றுகிற அதே வினிகர் அமிலம்தான். அந்தச் சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் லான்செட் வெளியிட்டது. அதே ஆண்டுவாக்கில் தமிழ்நாடு அரசு இதை முன்னோட்டமாக இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. ஒன்று தஞ்சாவூர், மற்றது எங்கள் தேனி. முப்பது வயதிலிருந்து அறுபது வரையுள்ள பெண்கள் எல்லோரும் வரவேண்டும் என்று கிராம நர்ஸ்கள் வீடு வீடாகப் போனார்கள்.

யாரும் வரவில்லை. விசாரித்தால், விடியுமுன்பே ஜீப்பில் ஏறி கம்பமெட்டுக்கும் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏலக்காய் எடுக்கப் போய்விடுகிறார்கள். பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். ஆஸ்பத்திரி வேலை நேரம் ஒன்பது மணி. எனக்குத் தெரிந்த ஒரு கிராம நர்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற கங்காணி அம்மாளை முதலில் பிடித்து, அவருக்கே சோதனை செய்துவிட்டார். அந்த அம்மாள் மறுநாள் ஜீப்பில் ஏறியதும் மற்றவர்களிடம் சொன்னாராம்: "வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துறணும். வராதவளுக்குத் திங்கக்கிழமை ஜீப்புல எடம் கெடையாது." அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் எங்களிடம் இருந்த வினிகர் தீர்ந்துபோய், கடைக்கு ஆள் அனுப்பினோம்.